நுரையை அடக்காதேங்கோ, அள்ளுங்கோ

நொதிக்கிற தொட்டி வைச்சு வேலை செய்யிற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, நுரை எண்டாலே முகம் சுளிப்பினம். காத்து அடிச்சு அடிச்சு பங்கசு வளர்க்கேக்க நுரை பொங்கும், பொங்கி மேல்மூடிக்கு ஏறும், காத்து வெளியேற வைச்சிருக்கிற ஃபில்டரை நனைக்கும், ஃபில்டர் நனைஞ்சா காத்து அடைபடும், அடைபட்டா உள்ளுக்கை அழுத்தம் ஏறும், அதோடை அந்த ஈரத்தைப் பிடிச்சுக்கொண்டு வெளிக்கிருமி உள்ளுக்கை இறங்கிட்டா ஒரு கிழமை வேலை நாசம். அதாலைதான் எல்லாருக்கும் படிப்பிக்கிற முதல் பாடம், நுரை தெரிஞ்சா ரெண்டு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விடு, அடங்கிடும். அடங்கும்தான். ஆனா அந்த நுரைக்குள்ளை என்ன இருக்கு எண்டு எத்தினை பேர் பாத்திருக்கினம்?

நீங்கள் இவ்வளவு பாடுபட்டு வளர்த்த பங்கசு தண்ணிக்குள்ளை விட்ட நொதியங்களிலை, என்சைம் எண்டு சொல்லுற புரதங்களிலை, ஒரு பங்கு அதுக்குள்ளைதான் இருக்கு. அதுவும் சும்மா இல்லை, கீழை இருக்கிற தண்ணியை விடக் கனமடங்கு செறிவா. அதைத்தான் எண்ணெய் விட்டு அடக்கிறம், பேந்து அதே நொதியத்தைப் பிரிச்செடுக்க விலைகூடின மெசினைத் தேடி ஓடுறம். எனக்கு இது எப்பவும் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

இதை வன்னியிலை இருந்து எழுதிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. விசுவமடுப் பக்கம் என்ரை பெரியம்மா ஒரு காளான் கொட்டில் வைச்சிருக்கிறா. கிடுகு மேஞ்ச கொட்டில், உள்ளுக்கை சாக்குத் தொங்கவிட்டு தண்ணி தெளிச்சு ஈரமா வைச்சிருப்பா, மரத்தூளும் தவிடும் சுண்ணாம்பும் கலந்து அடைச்ச பைகள் கயித்திலை வரிசையாத் தொங்கும், சிப்பிக்காளான். ரெண்டு மூண்டு தரம் பிடுங்கினாப் பிறகு பை ஓஞ்சுபோகும், ஓஞ்ச பையை வெட்டி தென்னை அடியிலை கொட்டுவா. உரம் எண்ட அளவிலை அது நல்லதுதான், குறை சொல்லேலாது. ஆனா அந்தப் பைக்குள்ளை வெள்ளை வெள்ளையா பின்னிக் கிடக்கிற பங்கசு நார் மரத்தூளைத் தின்னுறதுக்காக மாதக்கணக்கா வெளியிலை விட்ட நொதியத்திலை ஒரு பங்கு அதுக்குள்ளைதான் கிடக்கு. தண்ணியிலை ஊறப்போட்டுப் பிழிஞ்சா வந்திடும். தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு தண்ணி, லேசா மண் மணம்.

அந்தத் தண்ணியிலை நொதியம் இருக்கு எண்டு காட்டுறது ஒண்டும் பெரிய வேலை இல்லை. குவையக்கோல் எண்டு ஒரு சாமான், திறந்தவுடனை புகை மணக்கும், அடுப்படியிலை ஈர விறகு எரியிற மாதிரி. அதிலை ஒரு துளி விட்டு ஆட்டி வைச்சால் கொஞ்ச நேரத்திலை செங்கல் நிறம் ஏறும். அது லக்கேஸ் எண்ட நொதியம் செய்யிற வேலை. அளந்து பாக்கிறதெண்டால் ஏபிடிஎஸ் எண்டு இன்னொண்டு இருக்கு, நிறமில்லாமல் இருந்து நீலப்பச்சையா மாறும், 420 நனோமீற்றர் அலைநீள ஒளியிலை வாசிக்கிறது. ஆனா விலை கூட. அதோடை எங்கடை பைத் தண்ணி ஏற்கெனவே மண்ணிறம், அந்த நிறமும் 420 இலை சேர்ந்து வாசிக்கும், அதைத் தனியா வாசிச்சுக் கழிக்காட்டி ரிசல்ட் பொய்.

லக்கேஸைப் பற்றிக் கொஞ்சம். 1883 இலை யப்பானிலை யோஷிடா எண்டவர் லாக்கர் மரப் பாலிலை முதல் கண்டது, பெட்டிக்கும் கிண்ணத்துக்கும் பூசுற அந்தப் பளபள லாக்கர் காயுறதுக்குக் காரணமே இந்த நொதியம்தான். பத்துப் பன்னிரண்டு வருசம் கழிச்சு பிரான்சிலை பேர்ட்ராண்ட் பேர் வைச்சார், அதுக்குப் பிறகுதான் காளானிலையும் இது இருக்கு எண்டு தெரிய வந்தது. உள்ளுக்கை நாலு செப்பு அணு. பினோல் மாதிரிச் சாமான்களிலை இருந்து இலத்திரனை இழுத்து ஒட்சிசனுக்குக் குடுக்கும், ஒட்சிசன் தண்ணியாப் போகும். கழிவு எண்டு வாறது தண்ணிதான், அதாலைதான் எல்லாருக்கும் இதிலை ஒரு கண். ஜீன்ஸ் துணியின்ரை நீலத்தை வெளுக்கிறதுக்கு 1990கள் நடுப்பகுதியிலையே கடைக்கு வந்திட்டுது. மரத்தை இறுக்கி வைச்சிருக்கிற லிக்னினை உடைக்கத்தான் காளான் இதை விடுது, லிக்னினும் பினோல் குடும்பம்தானே.

பிரச்சினை என்னெண்டால், பையைப் பிழிஞ்ச தண்ணியிலை நொதியம் சரியான ஐதா இருக்கும். ஒரு வாளி தண்ணியிலை சொற்பம். இதைக் கூட்டவேணும். புத்தகத்திலை முதல் இருக்கிறது அமோனியம் சல்பேற்று. உப்பைக் கொட்டிக் கொட்டி புரதத்தை வீழ்படிவாக்கிறது, 80 வீத நிரம்பலுக்குக் கொண்டுபோக ஒரு லீற்றருக்கு அரைக் கிலோவுக்கு மேலை வேணும். ஒரு வாளிக்கு அஞ்சாறு கிலோ! பேந்து அதைக் குளிரிலை சுத்துற மெசினிலை சுத்தி, வீழ்படிவைக் கரைச்சு, உப்பை எடுக்க டயலிசிஸ் பையிலை போட்டு இரவிரவா தண்ணி மாத்தி... உப்புத் தண்ணியை எங்கை ஊத்திறது எண்ட கேள்வி வேறை. புரதத்தை மறிச்சுத் தண்ணியை மட்டும் விடுற அல்ட்ராஃபில்டர் மென்சவ்வு எண்டால் வேலை வடிவா நடக்கும், ஆனா எங்கடை மண்ணிறத் தண்ணியிலை இருக்கிற சளியும் சாயமும் மென்சவ்வை அடைச்சுப்போடும், புது மென்சவ்வின்ரை விலையைக் கேட்டால் பெரியம்மா கொட்டிலையே வித்துப்போடுவா. உறையவைச்சு உலர்த்திற மெசினைப் பற்றி நான் கதைக்கவே இல்லை. 2022 மார்ச் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டினதை மறந்திருக்க மாட்டியள். அந்த நேரம் ஒரு இடத்திலை குளிர்ப்பெட்டிக்குள்ளை வைச்சிருந்த சாம்பிள் எல்லாம் புளிச்சுப்போச்சு எண்டு ஒரு பெடியன் தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்ததைப் பாத்தனான். குளிரையும் கரண்டையும் நம்பி நிக்கிற முறை எல்லாத்துக்கும் இங்கை ஒரு பயம் இருக்கு.

இப்ப நுரைக்கு வாறன்.

புரதம் எண்டது ஒரு நீளச் சங்கிலி மடிஞ்சு சுருண்டு இருக்கிறது. அதிலை தண்ணியை விரும்பிற இடமும் இருக்கும், தண்ணியைக் கண்டால் விலகிற இடமும் இருக்கும். இந்த ரெண்டு குணமும் ஒண்டா இருக்கிற எதுவும் தண்ணிக்கும் காத்துக்கும் நடுவிலை இருக்கிற எல்லையிலை போய் ஒட்டிக்கொள்ளப் பாக்கும், அங்கைதான் அதுக்கு ரெண்டு பக்கமும் வசதி. சவுக்காரமும் இதே வேலைதான் செய்யிறது. சுத்தத் தண்ணியின்ரை பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன் அளவு, புரதம் பரப்பிலை ஏற ஏற அது இறங்கும். இப்ப நீங்கள் கீழையிருந்து சின்னச் சின்னக் குமிழா காத்து விட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு குமிழும் ஒரு புதுப் பரப்பு. அது மேலை ஏறுற வழியிலை புரதத்தைச் சேத்துக்கொண்டு ஏறும், மேலை போய் நுரையா நிக்கும். நுரைக்கு நடுவிலை சிக்கின தண்ணி மெல்ல மெல்லக் கீழை வடியும், புரதம் குமிழ்ச் சுவரிலை ஒட்டினபடி நிக்கும். தண்ணி குறையுது, புரதம் அப்பிடியே இருக்கு, அவ்வளவுதான் செறிவாக்கிறது. மேலாலை வழிஞ்ச நுரையை ஒரு போத்தலிலை பிடிச்சு உடைய விட்டால் கையிலை கொஞ்சத் தண்ணி, அதுக்குள்ளை கன நொதியம்.

வடியிற பாதைக்கும் ஒரு பேர் இருக்கு, பிளாட்டோ எல்லை. கிரேக்கத்து பிளேட்டோ இல்லை, பெல்ஜியத்துப் பௌதிகக்காரர் யோசப் பிளாட்டோ. மூண்டு சவ்வு சந்திக்கிற இடத்திலை எப்பவும் 120 பாகைதான் இருக்கும் எண்டு கண்டவர், கடைசிக் காலத்திலை கண் தெரியாமல் இருந்துகொண்டு மற்ற ஆக்களின்ரை கண்ணாலை நுரையைப் பாத்து எழுதினவர், 1873 இலை அந்தப் புத்தகம் வந்தது. நுரையைக் கிட்டப் பிடிச்சுப் பாத்தியளெண்டால் குமிழ்களுக்கு இடையிலை முக்கோண வாய்க்கால் மாதிரி ஒரு கோடு தெரியும், தண்ணி இறங்கிறது அதுக்குள்ளாலைதான். கீழை ஈர நுரை, குமிழ் எல்லாம் உருண்டையா. மேலை போகப்போக காஞ்ச நுரை, குமிழ் எல்லாம் பட்டை பட்டையா, தேன்கூடு கணக்கா. இதோடை சின்னக் குமிழுக்குள்ளை அழுத்தம் கூட, அதாலை காத்து சவ்வுக்குள்ளாலை ஊர்ந்து பெரிய குமிழுக்குள்ளை போகும், சின்னன் சுருங்கிக் காணாமல் போகும், பெரிசு இன்னும் பெருக்கும். உலகத்திலை எல்லா இடமும் உதுதான் நடக்குது எண்டு ஒரு பகிடியும் விடலாம், விடேல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சாப்பாட்டுச் சாமான் பழுதாகாமல் சேர்க்கிற நைசின் எண்டதை நுரையாலை செறிவாக்கிறது பழைய தொழில்முறை. கடல்மீன் தொட்டி வைச்சிருக்கிற ஆக்கள் புரொட்டீன் ஸ்கிம்மர் எண்டு ஒண்டு பூட்டியிருப்பினம், அது இதேதான். அவுஸ்திரேலியாவிலை தீயணைப்பு நுரையாலை பழுதான நிலத்தடித் தண்ணியிலை இருந்து பீஃபாஸ் நஞ்சைப் பிரிக்கிறதும் இப்ப இந்த முறையாலைதான். ஏன், சோளகம் வாடைக் காத்து மாறுற நேரம் முல்லைத்தீவுக் கரையிலை நுரை ஒதுங்கிக் கிடக்கிறது, அதுவும் கடல்தண்ணியிலை கரைஞ்ச பாசிச் சாமான்களை அலை அடிச்சுப் பிரிச்சதுதான்.

செய்யிறதுக்கு என்ன வேணும் எண்டால், ஒரு நீளக் குழாய், அடியிலை காத்தைச் சின்னதா உடைக்கிற ஒண்டு, காத்துப் பம்ப், மேலை வளைஞ்ச வாய், கீழை ஒரு போத்தல். லாப்பிலை எண்டால் கண்ணாடிக் குழாயும் சின்ரர் கண்ணாடி வட்டும், வட்டின்ரை துளை 16 இலை இருந்து 40 மைக்கிரோமீற்றர். கொட்டிலிலை நாங்கள் பூட்டினது மீன்தொட்டிப் பம்ப், மூண்டு நாலு வாற்ஸ்தான், சோலர் பலகையிலையே ஓடும். மீன்தொட்டிக் காத்துக்கல்லு, தெளிவான பிளாஸ்ரிக் குழாய், சேலைன் ரியூப். பைத் தண்ணியை முதல் பழைய வேட்டித் துணியிலை ரெண்டு தரம் வடிச்சனாங்கள், தூள் நிண்டால் நுரை ஒழுங்கா நிக்காது. பம்பைப் போட்டவுடனை ஒரு வெள்ளை வளையம், அது மெல்ல ஏறிச்சுது, ஏற ஏற அடிப்பக்கம் மண்ணிறம் கீழை வடிஞ்சு மேல்பக்கம் வெளிறிக்கொண்டு வந்திது. பெரியம்மா கையிலை இருந்த பையைக் கீழை வைச்சிட்டு வந்து பாத்தா.

"என்ன தம்பி, சவுக்காரம் போட்டனியே?"

"இல்லைப் பெரியம்மா, உங்கடை காளான்ரை நுரைதான்."

"அப்ப இவ்வளவு நாளும் தென்னைக்கே ஊத்தினனாங்கள்?"

தென்னை ஒண்டும் நட்டப்படேல்லை எண்டு சொன்னன். அவ நம்பேல்லை.

இதிலை கூட்டிக் குறைக்கிற விசயம் ரெண்டு மூண்டுதான். காத்தின்ரை வேகம் முதல். வேகத்தைக் கூட்டினால் நுரை ஈரமா வேகமா வரும், கன நொதியம் மேலை வரும், ஆனா தண்ணியும் சேர்ந்து வரும், செறிவு குறையும். குறைச்சால் நுரை காஞ்சு வரும், செறிவு ஏறும், ஆனா பாதி நொதியம் கீழையே நிக்கும், சிலநேரம் நுரை வாய்க்கு வாறதுக்கு முதலே உடைஞ்சு குழாய்ச் சுவரிலை தோல் மாதிரிக் காஞ்சு ஒட்டும். ரெண்டையும் ஒண்டா எடுக்கேலாது, எது வேணும் எண்டு நீங்கள்தான் முடிவெடுக்கோணும். குழாயை உயரமாக்கினால் வடியிறதுக்கு நேரம் கூடக் கிடைக்கும். உடைச்ச நுரைத்தண்ணியிலை கொஞ்சத்தைத் திருப்பி நுரைக்கு மேலாலை ஊத்தினால் இன்னும் செறியும், சாராயம் வடிக்கிற இடத்திலை திருப்பி விடுற மாதிரி ஒரு வேலை. வன்னி வெயிலும் இதிலை ஒரு ஆள்: 33, 34 பாகையிலை தண்ணி இளகி வேகமா வடியும், நுரை கெதியாக் காயும், கெதியா உடையும். புத்தகத்திலை 20 பாகைக்கு எழுதின கணக்கை அப்பிடியே பங்குனி வெயிலிலை பிடிச்சால் சரிவராது, விடியக்காலமை செய்யிறதுதான் புத்தி.

இதிலை பெரிய விசயம் பி.எச், அதாவது தண்ணியின்ரை அமில அளவு. எந்தப் புரதத்துக்கும் ஒரு சமமின்புள்ளி இருக்கும், அந்த பி.எச் இலை அதின்ரை கூட்டுமொத்த மின்னேற்றம் பூச்சியம். அதுக்குக் கிட்ட ஒண்டை ஒண்டு தள்ளாது, பரப்பிலை நெருக்கமா அடுக்கும், நுரையிலை கூட ஏறும். காளான் லக்கேசுகளுக்கு இது பொதுவா அமிலப் பக்கம், 3 இலை இருந்து 5 க்குள்ளை. ஆனா அவ்வளவு அமிலத்திலை கனநேரம் வைச்சிருந்தால் சில லக்கேஸ் செத்துப்போகும். அங்கைதான் இடிக்கிறது.

அதைவிடப் பெரிய இடி, லக்கேஸ் தன்ரைபாட்டிலை நல்லா நுரைக்கிற சாதி இல்லை. வெளியாலை சீனி ஒட்டின புரதம், தண்ணியிலை சந்தோசமாக் கரைஞ்சு கிடக்கும், மேலை வா எண்டால் வராது. பைத் தண்ணியிலை வாற நுரையைத் தூக்கி நிறுத்திறதே வேறை ஆக்கள், முக்கியமா ஹைட்ரோபோபின் எண்ட குட்டிப் புரதங்கள். பங்கசு தண்ணிக்குள்ளை இருந்து காத்துக்கு நாரை நீட்டேக்க பரப்பை உடைக்கிறதுக்கு இதைத்தான் பூசிக்கொண்டு வரும். நுரைக்கிறதிலை இதை அடிக்க ஆளில்லை, பங்கசு பிடிச்ச பார்லியிலை செய்த பியர் மூடி திறக்கத் திறக்க பீச்சியடிக்கிறதுக்கும் இதுதான் காரணம். அப்ப நீங்கள் சும்மா காத்து விட்டால் முதல் மேலை வாறது இதுகள்தான், லக்கேஸ் இதுகளின்ரை தோளிலை ஏறிக் கொஞ்சம் வரும்.

இதுக்கு ஜேர்மனியிலையும் போலந்திலையும் ஆராய்ச்சிக்காரர் பிடிச்ச வழி நல்ல கெட்டித்தனம். லக்கேஸ் பி.எச் 6, 7 இலை எதிர் மின்னேற்றத்தோடை இருக்கும், அதுக்கு நேர் மின்னேற்றம் உள்ள நுரைப்பான் ஒண்டைச் சொற்பமாச் சேர்த்தால் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், நுரைப்பான் மேலை ஏறேக்க லக்கேஸையும் கையிலை பிடிச்சுக்கொண்டு ஏறும். பாவிக்கிறது சீடாப் எண்ட சாமான், முடிக்குப் போடுற கண்டிஷனரிலை இருக்கிற குடும்பம். பிளூரோட்டஸ், ட்ரமீட்டஸ், செரீனா மூண்டு சாதிக் காளான்ரை லக்கேஸுக்கும் இந்த வழியிலை நுரை எடுத்திருக்கினம். பிளூரோட்டஸ் எண்டது எங்கடை சிப்பிக்காளான்ரை குடும்பம்தான்.

இடையிலை ஒரு கதை, ஏனெண்டால் இது தெரியாமல் ஏன் நுரை எண்டது விளங்காது. பங்கசு நொதிய உலகத்தின்ரை ராசா ட்ரைக்கோடெர்மா ரீசி. ரெண்டாம் உலக யுத்த நேரம் சொலமன் தீவுகளிலை அமெரிக்க ராணுவத்தின்ரை பருத்திக் கூடாரங்கள் அழுகிப் பிய்ஞ்சு போக, என்ன தின்னுது எண்டு பாத்து அதிலை இருந்து பிரிச்செடுத்த பங்கசு இது, பேந்து நேற்றிக் எண்ட இடத்து ராணுவ ஆய்வுகூடத்திலை வளர்த்து, அதோடை மாரடிச்ச எல்வின் ரீசின்ரை பேரையே வைச்சினம். பருத்தி மாதிரி நாரை உடைக்கிற செல்லுலேஸ் நொதியத் தொழிலிலை பெரும்பங்கு இந்த அழுகின கூடாரத்திலை இருந்து வந்தது. தறப்பாளுக்குக் கீழை வருசக்கணக்காக் கிடந்த எங்களுக்குக் கூடாரம் எண்டால் வேறை ஞாபகங்கள், அந்தத் தறப்பாள் பொலித்தீன், அதை எந்தப் பங்கசும் இலேசிலை தின்னாது, வெயில்தான் தின்னும். சரி. விசயம் என்னெண்டால், அந்த ரீசியைப் பல பத்து வருசமா மாத்தி மாத்தி வளர்த்து, இப்ப தொழிற்சாலையிலை ஒரு லீற்றருக்கு 100 கிராம் அளவு புரதம் விடுகிற அளவுக்குக் கொண்டுவந்திட்டினம். அப்பிடித் தடிப்பான தண்ணிக்கு நுரை தேவையில்லை, செய்தாலும் பிரயோசனமில்லை, குமிழ்ச் சுவர் முழுக்க நிரம்பிப் போகும், மிச்சம் எல்லாம் நடுத்தண்ணியிலை கிடக்கும். நுரை எண்டது ஐதான தண்ணிக்கு உரிய ஆயுதம், லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கிலை இருக்கிறதுக்கு. பணக்காரத் தொட்டிக்கு மென்சவ்வு, ஏழைப் பையின்ரை தண்ணிக்கு நுரை.

கணக்கு ஒருக்காப் போட்டுப் பாப்பம். நொதியம் எவ்வளவு வேலை செய்யுது எண்டு அளக்கிற அலகு யூனிட்; ஒரு லீற்றர் பைத்தண்ணியிலை 100 யூனிட் லக்கேஸ் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நுரை எடுத்து உடைச்சால் 50 மில்லி லீற்றர் வருது, அதிலை லீற்றர்க் கணக்கிலை 1600 யூனிட். செறிவு 16 மடங்கு. ஆனா 50 மில்லியிலை உள்ளது 80 யூனிட்தான், மீட்பு 80 வீதம். கீழை மிஞ்சின தண்ணியையும் அளந்தால் அதிலை 10 யூனிட். கூட்டினால் 90. மற்றப் பத்து எங்கை? செத்துப்போச்சு, இல்லாட்டிச் சுவரிலை காஞ்சுபோச்சு. கீழ்த்தண்ணியை அளக்காமல் 16 மடங்கு 16 மடங்கு எண்டு துள்ளுற ஆக்களை நம்பாதேங்கோ. இன்னும் ஒண்டு, முதல் தண்ணியிலை மொத்தப் புரதம் 200 மில்லிகிராம், நுரைத்தண்ணியிலை 80 எண்டால், ஒரு மில்லிகிராமுக்கு அரை யூனிட் இருந்தது ஒரு யூனிட்டா ஆகியிருக்கு. அதாவது சுத்தமானது ரெண்டே ரெண்டு மடங்கு. 16 மடங்கு செறிவு, 2 மடங்கு சுத்தம். இந்த ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுக் குழப்பிறவைதான் கனபேர். நுரைக்கு உங்கடை நொதியம் எது எண்டு தெரியாது, பரப்பை விரும்பிற எதையும் தூக்கும், காளான் நிறம், மரத்தூள்ச் சாயம், செத்த நாரின்ரை புரதம், எல்லாத்தையும். புரதம் அளக்கிறதிலையும் ஒரு கண்ணி இருக்கு: பிராட்ஃபோர்ட் முறை, 1976 இலை வந்த அந்த நீலச் சாயம், சீடாப் இருந்தாலே நிறம் மாறிக் காட்டும். நுரைத்தண்ணியிலை சீடாப் கூட, கீழ்த்தண்ணியிலை குறைவு. அப்ப ரெண்டுக்கும் தனித்தனியா சீடாப் போட்ட வெறுந்தண்ணி வைச்சு ஒப்பிடாட்டி மேலை சொன்ன ரெண்டு மடங்கும் கனவுதான்.

செத்துப்போற கதையையும் சொல்லோணும். காத்து எல்லைக்குப் போற புரதம் தன்ரை மடிப்பை அவிழ்க்கப் பாக்கும், தண்ணி பிடிக்காத பக்கம் காத்துக்குத் திரும்பும், சிலது திரும்பி மடியும், சிலது மடியாது. லக்கேஸ் இந்த விசயத்திலை கொஞ்சம் உரமான ஆள், செல்லுலேஸ் அவ்வளவு தாங்காது. ஒட்சிசனுக்குப் பயந்த நொதியம் எண்டால் காத்துக்குப் பதிலா நைதரசன் விடுறவை. லக்கேஸுக்குக் காத்து விட்டால் இன்னொரு கூத்து, அதுக்கு ஒட்சிசன் சாப்பாடு, பைத்தண்ணியிலை இருக்கிற பினோலை அந்த நேரமே ஒட்சியேற்றத் தொடங்கிடும், தண்ணி கறுத்துக்கொண்டு போகும். பாத்தால் பழுதான மாதிரி இருக்கும், அது வேலை செய்யிற அறிகுறி.

தண்ணியிலையும் கவனம். எங்கடை கிணத்துத் தண்ணி கேத்திலிலை வெள்ளையாப் படியிறது எல்லாருக்கும் தெரியும், வவுனியாப் பக்கம் ஃப்ளோரைட்டும் இருக்கு, பிள்ளையளின்ரை பல்லைப் பாத்தாலே தெரியும். ஃப்ளோரைட் லக்கேஸின்ரை செப்பிலை போய்க் குந்தி வேலையை மறிக்கிற சாமான், உப்பின்ரை குளோரைட்டும் அப்பிடித்தான், கொஞ்சம் மெதுவா. அதாலை பையை ஊறப்போடுறதுக்கு மழைத்தண்ணிதான் நல்லம். ஐப்பசி கார்த்திகை மழையிலை தாங்கி நிரம்பி வழியும், காசும் இல்லை.

இனி என்ரை சொந்த அபிப்பிராயம். சுத்தம் சுத்தம் எண்டு அடிபடுறதிலை பாதி தேவையில்லாத வேலை. மருந்துக்கோ, சோதனைக் கருவிக்கோ எண்டால் சுத்தம் வேணும், நுரைக்குப் பிறகு புரதங்களைத் தனித்தனியாப் பிரிக்கிற குரோமற்றோகிராஃபிக் குழாயிலை போடத்தான் வேணும், அப்பவும் முதல் நுரையிலை செறிவாக்கினால் பின்னாலை வாற விலைகூடின படி சின்னனாப் போகும், அது ஒரு லாபம். ஆனா எங்களுக்கு என்ன தேவை? புழுங்கல் அரிசி ஆலைக்குப் பக்கத்திலை போயிருக்கிறியளோ? நெல்லு ஊறவைச்ச தண்ணி, மஞ்சளும் மண்ணிறமுமா, ரெண்டாம் நாள் நாத்தம் தாங்கேலாது, அதுக்குள்ளை உமியிலை இருந்து இறங்கின பினோல் சாமான் கிடக்கு. லக்கேஸ் அதுகளை ஒண்டோடை ஒண்டு கொளுவி உருட்டிக் கீழை விழுத்தும், பேந்து வடிகட்டி எடுக்கலாம். அந்த வேலைக்கு நொதியம் சுத்தமா இருக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. கூட நாலு புரதம் வந்தால் வரட்டும். செறிவா இருந்தால் காணும், ஒரு வாளியைக் காவாமல் ஒரு போத்தலைக் காவலாம்.

ஆனா அங்கை சீடாப் முட்டுக்கட்டை. அது மீனுக்கு நஞ்சு, கிருமிகொல்லி, வாய்க்காலாலை வயலுக்கும் குளத்துக்கும் போற தண்ணியிலை அதைக் கலக்கிறதுக்கு நான் உடன்பட மாட்டன். ஆலைத்தண்ணியைச் சுத்தமாக்கப் போய்க் குளத்து மீனைக் கொண்டால் அது என்ன வேலை? லாப்பிலை பேப்பர் எழுத சீடாப் சரி, கொட்டிலுக்குச் சரிவராது. அதாலை கொட்டிலிலை சீடாப் இல்லாமல், பி.எச் ஐ மட்டும் வினாகிரியாலை 5 பக்கம் இறக்கி, காளான் தன்ரை ஹைட்ரோபோபினாலை எழுப்புற நுரையிலை வாறதை மட்டும் எடுக்கிறம். மீட்பு குறைவுதான், கீழ்த்தண்ணியிலை கன லக்கேஸ் மிஞ்சும். மிஞ்சின தண்ணியிலை அடுத்த பையை ஊறப்போடுறம், அப்ப ஒண்டும் வீண் போகாது. பெரியம்மாவுக்கு இந்த முறைதான் பிடிச்சிருக்கு, தென்னைக்கும் கடைசியிலை அந்தத் தண்ணிதான் போகுது.

காலபோக நெல்லு வெட்டி ஆலைகள் ஓடத் தொடங்க, ஊறல் தண்ணி ஒரு கான் வாங்கி வந்து இந்த நுரைத்தண்ணியைக் கலந்து பாக்கிற எண்ணம். பெரியம்மா கேக்கிறது ஒண்டுதான், ஆலைக்காரர் இதுக்குக் காசு தருவினமோ, இல்லாட்டி அதுவும் தென்னைக்கோ எண்டு.